குடமுழுக்கு முடிந்த மறுநாள்

அறக்கட்டளைக் கணக்கு: கேள்வி-பதில்

பழமையான கோயில்களையும் தேவாலயங்களையும் காக்கும் அறக்கட்டளைகளின் வரவு செலவு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இத்தகைய அமைப்புகளின் கணக்குகளைப் பல ஆண்டுகளாகத் தணிக்கை செய்துவரும் ஆடிட்டர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

*

அம்மா, எங்களுடையது சின்ன கிராமம். சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று விமானத்தில் ஆலமரம் முளைத்து, மண்டபம் ஒழுகிக் கிடந்தது. ஊர்க்காரர்களும் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து அறக்கட்டளை தொடங்கி, ஐந்து வருடம் அலைந்து 48 லட்சம் திரட்டித் திருப்பணி முடித்தோம். சென்ற ஆண்டு குடமுழுக்கும் நல்லபடியாக நடந்தது. இப்போது வங்கியில் 3 லட்சத்துச் சொச்சம் இருக்கிறது. அதில் அன்னதானக் கூடம் கட்டலாம் என்கிறார்கள். பொருளாளர் என்ற முறையில் எனக்குப் பயமாக இருக்கிறது.
- வாசகர், திருவாரூர் மாவட்டம்

உங்கள் பயம் நியாயமானது ஐயா. கூடம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

உங்கள் கோயில் சுவரில் கல்வெட்டு இருந்தால், படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிவந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சோழர் கால ஆவணங்களில் பெரும்பகுதி கணக்குதான். யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார், எவ்வளவு, அது யார் பொறுப்பில் விடப்பட்டது என்று கல்லில் எழுதி வைத்தார்கள். ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகள் கொடுப்பது வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று வீதமே இருந்தது. அந்த ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தையில் ஆடு சாகும், குட்டி போடும், கிழடாகும். கணக்கில் மட்டும் 96 குறையவே கூடாது. அதனால்தான் அதற்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். மூலநிதி என்று நாங்கள் சொல்வதும், 'கார்பஸ்' என்று வங்கிக்காரர்கள் சொல்வதும் இதைத்தான். ஆட்டைத் தொடாதே, நெய்யை எடுத்துக்கொள்.

நீங்கள் 48 லட்சம் திரட்டியது பெரிய காரியம். ஆனால் அதில் ஓர் ஆடுகூட இல்லை. அத்தனையும் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் கூலியாகவும் போய்விட்டது. ஆலும் அரசும் விமானத்தில் முளைக்க யாரும் விதைக்க வேண்டியதில்லை, ஒரு காக்கை போதும். முதல் மழையில் முளைப்பதை இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். ஐந்து மழை தாண்டினால் வேர் கல்லுக்குள் இறங்கிவிடும், பிறகு மறுபடியும் திருப்பணிதான். ஐப்பசி மழைக்கு முன்னால் மேல்தளத்துத் தூம்புகளைச் சுத்தம் செய்வது, தளத்தில் விட்ட விரிசலைச் சுண்ணாம்பிட்டு அடைப்பது, வருடத்துக்கு இரண்டு முறை சாரம் கட்டிச் செடி பிடுங்குவது, வௌவால் எச்சத்தைக் கழுவுவது, மின்கம்பியைச் சோதிப்பது எல்லாம் சில்லறைச் செலவுகள். குடமுழுக்குப் பத்திரிகையில் இவற்றுக்கு உபயதாரர் பெயர் போட முடியாது, அதனால் இவற்றுக்கு யாரும் பணம் தருவதில்லை.

உங்கள் ஸ்தபதியிடம் ஆண்டுப் பராமரிப்புக்கு மதிப்பீடு எழுதி வாங்குங்கள். ஒரு பேச்சுக்கு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வங்கி வைப்பில் 7 விழுக்காடு வட்டி கிடைத்தால் 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 70,000 வரும். அதில் 15 விழுக்காட்டை, அதாவது 10,500 ரூபாயை, சட்டப்படியே நீங்கள் செலவழிக்காமல் வைத்துக்கொள்ளலாம். அதை வைப்பிலேயே விட்டுவைத்தால் மீதி 59,500 பராமரிப்புக்கு. உங்கள் இலக்கு 10 லட்சம். விலைவாசி ஏற ஏற இந்த இலக்கும் ஏறும், ஆகவே வருஷாபிஷேகம்தோறும் மூலநிதிக்கென்றே கேளுங்கள். 48 லட்சம் கொடுத்த அதே குடும்பங்களிடம் போய், "கோயில் கட்டிவிட்டோம், இனி அது நிற்பதற்குக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கையில் இருக்கும் 3 லட்சத்தை நீங்களாக 'மூலநிதி' என்று பெயர் மாற்றிப் புத்தகத்தில் எழுதிவிடாதீர்கள். மூலநிதி என்பது கொடுப்பவர் கொடுக்கும்போதே எழுத்தில் சொன்னால்தான் மூலநிதி. திருப்பணிக்கென்று வாங்கிய பணத்தின் மிச்சம் அந்த 15 விழுக்காட்டு வரம்புக்குள் வந்தால், பொதுநிதியாக வைப்பில் போட்டு வட்டியைப் பராமரிப்புக்கு எடுங்கள்.

பூஜைக்கு அரசின் ஒரு கால பூஜைத் திட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல திட்டம். அதுவும் பேராட்டுக் கணக்குதான். ஒரு கோயிலுக்கு 1 லட்சமாக இருந்த வைப்புநிதி 2 லட்சமாகி, பின்னர் இரண்டரை லட்சமாக உயர்ந்தது. அதே 7 விழுக்காட்டில் பார்த்தால் மாதம் ஏறத்தாழ 1,450 ரூபாய். எண்ணெய்க்கும் திரிக்கும் நைவேத்தியத்துக்கும் அது தாங்கும், கட்டடத்துக்குத் தாங்காது.

இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. பாரிஸ் நகரத்து நோத்ர-தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது. பிறகு சுமார் 150 நாடுகளிலிருந்து, ஏறத்தாழ 3,40,000 பேர் 84.6 கோடி யூரோ கொடுத்தார்கள். தீக்கு முன்பே அந்தக் கட்டடம் சிதைந்துகொண்டிருந்தது, பழுதுபார்க்க நிதி கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். அப்போது கிடைத்தது இதில் மிகச் சிறு பகுதி. எரிந்த பிறகு கொடுக்கும் மனம் எரிவதற்கு முன் வருவதில்லை. அதை வரவழைப்பதுதான் பொருளாளரின் வேலை.

*

திருப்பணிக்காக ஒரே ஆண்டில் 20 லட்சம் வந்துவிட்டது. அனுமதி வராததால் 4 லட்சம்தான் செலவானது. 85 விழுக்காடு செலவழிக்காவிட்டால் வரி கட்ட வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். வரியைத் தவிர்க்க மார்ச்சுக்குள் கிரானைட் வாங்கித் தரை போட்டுவிடலாமா?
- வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

தயவுசெய்து கிரானைட் வாங்காதீர்கள். வரிக்குப் பயந்து அவசரமாகச் செய்த வேலைகளால் கெட்ட கோயில்களை நானே பார்த்திருக்கிறேன். கணக்கு சரியாக முடிந்திருக்கும். பழைய தளத்தை மூடிய பளபளப்புக் கல்லின் அடியில், அதிட்டானம் என்னும் அடிப்பீடத்தின் கீழ்வரிசையும் அதில் இருந்த எழுத்துகளும் புதைந்திருக்கும்.

விதி இதுதான். பதிவுபெற்ற அறக்கட்டளை ஓராண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அதன் நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். 20 லட்சத்துக்கு அது 17 லட்சம். நீங்கள் செலவழித்தது 4 லட்சம் என்றால் 13 லட்சம் குறைகிறது. இந்த 13 லட்சத்தை இன்ன வேலைக்காக ஒதுக்கி வைக்கிறோம் என்று அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, வருமான வரித்துறைக்குப் படிவம் 10 தாக்கல் செய்தால், ஐந்து ஆண்டு வரை வைத்திருக்கலாம். நோக்கத்தைப் பொத்தாம்பொதுவாக 'கோயில் வளர்ச்சி' என்று எழுதாதீர்கள். 'அம்மன் சன்னதி மேல்தளம், சுண்ணாம்புப் பணி' என்று குறிப்பாக எழுதுங்கள். படிவத்தை ஆகஸ்ட் 31க்குள் போட்டுவிடுங்கள். பணம் வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு போன்று சட்டம் அனுமதிக்கும் இடங்களில்தான் இருக்க வேண்டும். அறங்காவலர் ஒருவரின் கடைக்குக் கைமாற்றாகக் கொடுத்தால் வரிவிலக்கையே இழப்பீர்கள்.

2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன. எல்லோருக்கும் பழகிய பழைய எண்களையே இங்கே சொல்கிறேன். உங்கள் ஆடிட்டரிடம் புது எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதித் தாமதம் பற்றி உங்கள் கடிதத்தில் கோபம் தெரிகிறது. எனக்கும் அது புரியாமல் இல்லை. ஆனால் அறநிலையத்துறைக் கோயிலில் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட அசைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. அந்தக் கட்டுப்பாடு எதனால் வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். பக்தியோடு வந்தவர்கள்தான் மணல்வீச்சால் சிற்பங்களின் முகத்தைத் தேய்த்தார்கள், கல்வெட்டின் மேல் சிமெண்ட் பூசினார்கள், பெயிண்ட் அடித்தார்கள். 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பழைய கோயில்களையும் மரபுச் சின்னங்களையும் காக்க 75 உத்தரவுகளை ஒரே தீர்ப்பில் பிறப்பித்தது. நிலைமை அந்த அளவுக்குப் போயிருந்தது.

காத்திருக்கும் நாட்களில் செலவழிக்க ஒன்று சொல்கிறேன். ஆவணப்படுத்துங்கள். முறைப்படி துறைக்கு எழுதிக் கேட்டு, கோயிலை அளந்து வரைபடம் போடுங்கள், ஒவ்வொரு கல்லையும் எண்ணிட்டுப் படம் எடுங்கள், கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியபோது, திருக்கோடிகாவலில் பழைய கற்களில் இருந்த எழுத்துகளைப் புதுச் சுவரில் மறுபடியும் வெட்டிவைக்கச் செய்தார். பழைய கொடைகள் மறந்துபோகக் கூடாது என்ற கவலை அந்த அம்மைக்கு இருந்தது. ஆவணப்படுத்தும் செலவு முழுவதும் உங்கள் 85 விழுக்காட்டுக் கணக்கில் சேரும்.

*

கோயில் திருப்பணிக்குக் கொடுத்தால் 80ஜி வரிச்சலுகை உண்டா? ஒருவர் உண்டு என்கிறார், இன்னொருவர் இல்லவே இல்லை என்கிறார்.
- வாசகர், கோயம்புத்தூர்

இரண்டு பேருமே பாதி சரி. 80ஜி சலுகை மதப் பணிக்கு உரியதல்ல, அறப்பணிக்கு உரியது. ஒரு குறிப்பிட்ட மதத்தாரின் நலனுக்கென்றே அமைந்த அறக்கட்டளைக்கு அது கிடைக்காது. மதம் சார்ந்த செலவு ஆண்டு வருமானத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டவும் கூடாது. அதே சட்டம், கலை அல்லது வரலாற்றுச் சிறப்புள்ள சின்னங்களையும் இடங்களையும் பாதுகாப்பதை அறப்பணி என்றே சொல்கிறது. ஆகவே அறக்கட்டளைப் பத்திரத்தில் முதல் பக்கத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பூஜை, உற்சவம், குடமுழுக்கு என்று எழுதினால் அது சமய அறக்கட்டளை. அதில் குறைவு ஒன்றுமில்லை, அதன் வருமானத்துக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் கொடுப்பவருக்குச் சலுகை இல்லை. பழமையான கட்டடங்களையும் கல்வெட்டுகளையும் சுவர் ஓவியங்களையும் காப்பது என்று எழுதி, அதை மட்டுமே செய்தால் 80ஜி கேட்க வழியுண்டு. பத்திரத்தில் அப்படி எழுதிவிட்டு யாகத்துக்குச் செலவழித்தால் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டையும் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்வது, இரண்டு அறக்கட்டளை, இரண்டு வங்கிக் கணக்கு, இரண்டு ரசீதுப் புத்தகம்.

இன்னொரு வழியும் உண்டு, பலருக்குத் தெரியாது. வரலாற்று, தொல்லியல் அல்லது கலைச் சிறப்புடையது, அல்லது புகழ்பெற்ற வழிபாட்டுத் தலம் என்று மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கோயிலோ மசூதியோ தேவாலயமோ குருத்வாராவோ என்றால், அதன் பழுதுபார்ப்புக்குக் கொடுக்கும் பணத்துக்கு 50 விழுக்காடு கழிவு கிடைக்கும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் அப்படி அறிவிக்கப்பட்ட ஒன்று. உங்கள் கோயிலுக்கும் விண்ணப்பிக்கலாம்.

கொடுப்பவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். 50 விழுக்காடு என்றால் பாதிப் பணம் திரும்பி வரும் என்று அர்த்தமில்லை. 10,000 கொடுத்தால் 5,000 ரூபாய் வருமானத்தில் கழியும். 20 விழுக்காடு வரி கட்டுபவருக்கு மிச்சம் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தக் கழிவே கிடையாது. நீங்கள் மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலைப் படிவம் 10பிடியில் கொடுத்துச் சான்றிதழ் வழங்காவிட்டால், அவர் கையில் இருக்கும் ரசீதுக்கு மதிப்பில்லை.

*

என் மகன் சிங்கப்பூரில் குடியுரிமை வாங்கிவிட்டான். ஊர்க் கோயில் அறக்கட்டளைக்கு 5 லட்சம் தர நினைக்கிறான். என் கணக்குக்கு அனுப்பச் சொல்லி நான் எடுத்துக் கொடுக்கலாமா?
- வாசகி, புதுக்கோட்டை

கூடாது அம்மா. உங்கள் நோக்கத்தில் குற்றமில்லை, ஆனால் அந்த வழி சட்டத்தைச் சுற்றிப்போகும் வழி. மாட்டிக்கொள்வது அறக்கட்டளை.

வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலையும் வங்கிச் சீட்டையும் கோப்பில் வைத்துக்கொண்டால் போதும். குடியுரிமை மாறிவிட்டால் கதை வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அவர் கொடுப்பது வெளிநாட்டுப் பணம்தான். அதை வாங்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி எஃப்சிஆர்ஏ பதிவோ முன்அனுமதியோ வேண்டும். பதிவு கேட்க அறக்கட்டளை மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் தன் பணிக்கு 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். பணம் முதலில் புது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது, ஆகவே பதிவுள்ள வேறு அறக்கட்டளை வழியாக வாங்கிக்கொள்ளும் யோசனையும் வேண்டாம். கோயிலுக்கே நேராக அனுப்பினாலும் இதே சட்டம்தான்.

சின்ன அறக்கட்டளைக்கு ஒரு தொகைக்காக இவ்வளவு சுமை தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றே சொல்வேன். விடுமுறைக்கு வரும்போது மகனை நல்ல கேமராவோடு வரச் சொல்லுங்கள். கோயிலைத் துறை அனுமதியோடு முழுமையாகப் படம் எடுத்துக் கொடுத்தால், அது பணத்துக்குக் குறைந்த கொடை அல்ல.

*

எங்கள் தேவாலயம் 150 ஆண்டுப் பழமையானது. மரக்கூரை கரையான் அரித்துவிட்டது. பக்கத்துத் தொழிற்சாலையின் சிஎஸ்ஆர் பணத்தைக் கேட்கலாமா?
- வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

கேட்கலாம். சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணிகளைப் பட்டியலிடும் கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த கட்டடங்களைச் சீரமைப்பது தெளிவாகவே இடம்பெற்றிருக்கிறது. நடைமுறையில் வழிபாட்டுத் தலம் என்றதும் நிறுவனங்கள் தயங்கும், எனவே கட்டடக்கலை வல்லுநரின் அறிக்கையோடு போங்கள். பணம் வாங்கும் அறக்கட்டளைக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு வேண்டும், அதற்கு மூன்று ஆண்டுச் செயல்பாடு கேட்பார்கள். அதற்கெல்லாம் முன்னால் கட்டடமும் நிலமும் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் சபைக்குழுவின் பெயரில் இருக்காது, மறைமாவட்டத்தின் பெயரிலோ, தென்னிந்தியத் திருச்சபை என்றால் அதன் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரிலோ இருக்கும். உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள்.

*

திருப்பணி நடக்கும்போது மண்டபத்தில் எங்கள் அறக்கட்டளை உண்டியல் வைத்தோம். செயல் அலுவலர் எடுக்கச் சொல்கிறார். நல்ல காரியத்துக்குத்தானே?
- வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

இன்றே எடுத்துவிடுங்கள். கோயிலுக்குள் விழும் காணிக்கை சுவாமிக்கு உரியது, உங்கள் அறக்கட்டளைக்கு உரியதல்ல. கோயில் பெயர் போட்டு ரசீது அடிப்பதும் அப்படித்தான். உங்கள் ரசீதில் உங்கள் அறக்கட்டளையின் பெயர், பதிவு எண், பான் எண் மட்டும் இருக்கட்டும். இதுவரை உண்டியலில் சேர்ந்ததைச் செயல் அலுவலர் முன்னிலையில் எண்ணிக் கோயில் கணக்கில் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

*

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சேமிப்பில் ஒரு லட்சத்தை எங்கள் ஊர்ப் பழைய கோயிலைப் பராமரிக்கும் அறக்கட்டளைக்குக் கொடுக்க விரும்புகிறேன். ஏமாறாமல் இருக்க என்ன கேட்க வேண்டும்?
- வாசகி, கும்பகோணம்

டீச்சர், கூச்சப்படாமல் மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். தயங்காமல் எடுத்துக் கொடுத்தால் பாதி நம்பலாம். அதில் மூலநிதி என்று தனி வரி இருக்கிறதா, அதற்கு ஈடான வைப்புச் சீட்டு வங்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். அறங்காவலர்கள் அனைவரும் ஒரே குடும்பமா, காசோலையில் இருவர் கையெழுத்துப் போடுகிறார்களா என்று விசாரியுங்கள். ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகையில் வரி பிடித்தம் செய்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள், ஒழுங்காகக் கணக்கு எழுதுபவர்கள் அதை விடமாட்டார்கள். கோயிலுக்கு நேரில் போய், மழைக்குப் பிறகு விமானத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். செடி இருந்தால், ஏன் இன்னும் பிடுங்கவில்லை என்று கேளுங்கள். வரும் பதிலிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

எல்லாம் திருப்தி என்றால், பணத்தைக் காசோலையாகக் கொடுங்கள். கூடவே ஒரு கடிதம் வைத்து, நகலில் பொருளாளரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் இப்படி எழுதினால் போதும்: "இந்த ஒரு லட்சம் ரூபாயை அறக்கட்டளையின் மூலநிதியாகத் தருகிறேன். இதை எக்காலத்தும் செலவழிக்காமல் வைப்பில் வைத்து, வரும் வட்டியை மட்டும் கோயில் கட்டடத்தின் ஆண்டுப் பராமரிப்புக்குப் பயன்படுத்தவும்."